பாதிக் கண்ணாடி

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

உன் நர்சிங் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாய். அந்த ஐந்து நிமிடத்தையும் அம்மா "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட, ஏன் அதைச் சாப்பிட்ட" என்று கேட்டே தீர்த்துவிடுகிறாள். போன் என் கைக்கு வரும்போது "பின்னாடி ஆள் நிக்குது, வச்சிடறேன்டி" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கும் இதுதான் வசதி. எழுதும்போது குரல் நடுங்காது.

எல்லோரும் நலம். அப்பா லாரி எடுத்துப் போயிருக்கிறார், செவ்வாய்க்கிழமைதான் வருவார். அம்மாவின் தையல் மெஷின் மறுபடியும் நூலை அறுக்கிறது.

இன்று கடையில் ஒன்று நடந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். எங்கள் கண்ணாடிக்கடை முதலாளி பழைய காமிரா சேர்ப்பது உனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடி அலமாரியின் மேல்தட்டு முழுக்க அதுதான். போன மாதம் பன்னிரண்டாவது காமிரா வந்தது. யுத்த காலத்தில் ராணுவத்துக்காகச் செய்தது. மற்றவை பளபளவென்று இருக்கும், இது அடுப்புச் சாம்பல் நிறம். வெயிலில் மின்னினால் எதிரி கண்ணில் படும் என்று அப்படிப் பூசினார்களாம். அதன் தலையில் வெட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு முதலாளி ஒரு நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் விலை சொல்ல மறந்தார். எந்த வருஷம், எத்தனை செய்தார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் என்னைப் பார்ப்பார்.

உள்ளே இரண்டு துணித் திரைகள் இருக்கும். ஒன்று திறக்க, அடுத்தது பின்னாலேயே ஓடி மூடும். நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் வெளிச்சம் புகும். இதில் இரண்டும் அப்பளமாய்க் காய்ந்திருந்தன. பிரித்து எடுத்து, புதுத் துணி வெட்டி ஒட்டி, ஒன்பது நாள் ஆயிற்று. இன்று மதியம் பொத்தானை அழுத்தினேன். "டிக்" என்றது. நம் அம்மா வயதைவிட அதிக காலம் வாய் திறக்காமல் இருந்த காமிரா, அக்கா. நாற்பது தடவை அழுத்திப் பார்த்தேன். நாற்பது தடவையும் பதில் சொன்னது.

உன் எலி

ஜூன் 15

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

கடிதம் வந்தது. வார்டன் அம்மா உறையைத் தடவிப் பார்த்துவிட்டு "யாருடி எழுதறது, இவ்வளவு கனமா?" என்றார். "என் தங்கச்சி. வாயைத் திறக்க மாட்டா, அதெல்லாம் இதுல இருக்கு" என்றேன்.

உன் காமிரா டிக் என்றதற்கு என் வாழ்த்து. ஆனால் ஒன்று கேட்கிறேன். அதைச் செய்தது நீ என்று யாருக்குத் தெரியும்? போன விடுமுறையில் உன் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், நினைவிருக்கிறதா? உன் முதலாளியை நன்றாகக் கவனித்தேன். வேலை நடக்கும்போது, "நீ அந்தத் திருகாணியைப் பாரு." வேலை முடிந்ததும், "நாம அதைச் சரி பண்ணிட்டோம்." கடைக்கு ஆள் வந்ததும், "நான் பண்ணதுதாங்க." நல்ல மனுஷன்தான், மறுக்கவில்லை. கேட்ட கருவியெல்லாம் வாங்கித் தருகிறார். ஆனால் உன் கையை எடுத்துத் தன் தோளில் ஒட்டிக்கொள்கிறாரே.

ஒன்பதாம் வகுப்பில் பாடம் வாசிக்க எழுப்பிவிட்டபோது குரல் வராமல் நின்றாய். நாற்பது பேர் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நீ பள்ளிக்குப் போகவில்லை. அம்மா கெஞ்சினாள், அப்பா திட்டினார், நான் உன் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை இழுத்தேன். நீ தூணைப் பிடித்துக்கொண்டாய். கடையின் பின் அறையில் தனியாக உட்கார்ந்து வேலை செய்வது உனக்குப் பிடித்திருப்பது ஏன் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வாழ்க்கை முழுக்கப் பின் அறையிலேயே இருந்துவிட முடியாதுடி.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணைக் கசக்காதே.

உன் அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்கா,

நீ எழுதிய "நீ, நாம, நான்" பகுதியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். துணியை வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு, "செத்துப்போன காமிராவுக்கு வைத்தியம் பாக்கறவளுக்கு, உயிரோட இருக்கற என் மெஷினைப் பாக்க நேரமில்ல" என்றாள். பார்த்துக் கொடுத்தேன். இப்போது நூல் அறுவதில்லை.

ஒரு செய்தி. பழைய காமிரா சேர்ப்பவர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் 24 அன்று கண்காட்சி. அதில் "ஓடும் காமிரா" என்று ஒரு பிரிவு. அலமாரியில் வைத்துப் பார்ப்பதல்ல. நடுவர்கள் கண்முன் பிலிம் போட வேண்டும். ஒரு மீட்டர், ஐந்து மீட்டர், கண்ணுக்கு எட்டிய தூரம் என்று மூன்று படம் எடுக்க வேண்டும். அங்கேயே கழுவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். மாற்றிய பாகம் இருக்கலாம், சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைத்தது தெரிந்தால் காமிராவையே விலக்கிவிடுவார்கள்.

சாம்பல் காமிராவை அனுப்பப் போகிறோம். விண்ணப்பத்தை முதலாளி என் மேசையில் வைத்துத்தான் நிரப்பினார். "உரிமையாளர்" என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே "சீர்செய்தவர்" என்று ஒரு இடம். பேனாவைத் தூக்காமல் அதிலும் தன் பெயரையே எழுதினார். யோசித்து எழுதவில்லை, அக்கா. கை அப்படியே போயிற்று.

எனக்கு ஒன்றும் இல்லை. உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

உன் எலி

ஜூலை 1

எலி,

"எனக்கு ஒன்றும் இல்லை" என்பவள் எதற்காக அவர் பேனாவைத் தூக்கவில்லை என்பதுவரை எழுதுகிறாள்? ஒன்றும் இல்லாவிட்டால் அது உன் கடிதத்துக்குள் வந்திருக்காது.

இங்கே வார்டு உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பத்தாவது முடிக்காவிட்டாலும் பரவாயில்லை. படுக்கை விரிப்பது, சக்கர நாற்காலி தள்ளுவது. என் விடுதியிலேயே இடம் தருவார்கள். செய்த வேலைக்கு உன் பெயர் எழுதிய அட்டை கழுத்தில் தொங்கும். கடைசித் தேதி ஆகஸ்ட் 30.

ஒரு பந்தயம். கண்காட்சி முடிவதற்குள் அந்தச் "சீர்செய்தவர்" இடத்தில் உன் பெயர் வந்தால் இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். வராவிட்டால் நீ கையெழுத்துப் போட்டு இங்கே வந்துவிட வேண்டும். சரியா?

உன் அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்கா,

பந்தயம் சரி.

கேட்கத்தான் மூன்று தடவை போனேன். முதல் தடவை முதலாளி நிமிர்ந்து "என்ன?" என்றார். "எண்ணெய் தீர்ந்துபோச்சு" என்றேன். தீரவில்லை. இரண்டாம் தடவை, "பஞ்சு தீர்ந்துபோச்சு." மூன்றாம் தடவை நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "என்ன, இன்னைக்கு என்ன தீர்ந்துபோச்சு?" என்றார். திரும்பி வந்துவிட்டேன். இப்போது என் மேசையில் ஐந்து வருஷத்துக்கு வேண்டிய பஞ்சும் எண்ணெயும் இருக்கின்றன.

அந்தப் பஞ்சுதான் என்னைக் கெடுத்தது.

இந்த வகைக் காமிராவில் ஒரு சூட்சுமம் உண்டு. பின்னால் இருக்கும் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தால் எதிரில் இருப்பது இரண்டாகத் தெரியும். லென்சைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் தூரம் சரி, படம் துல்லியமாக விழும். இந்த வித்தை அத்தனையும் உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடித் துண்டில் நடக்கிறது. சுண்டுவிரல் நகமளவுதான். பாதிக் கண்ணாடி என்போம். பாதி வெளிச்சத்தை உள்ளே விட்டு, பாதியைத் திருப்பிவிடும். மூச்சுப் பட்டால் போய்விடும் அளவு மெல்லிய வெள்ளிப் பூச்சு அதன் மேல்.

அது மங்கலாக இருந்தது. ஜூலை ஆறாம் தேதி, பஞ்சை நனைத்து ஒரே ஒரு தடவை துடைத்தேன். அழுக்கு வந்தது என்று சந்தோஷப்பட்டேன். பஞ்சைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளி. கண்ணாடி ஜன்னல் கண்ணாடி மாதிரிச் சுத்தமாக இருந்தது. கண்ணை வைத்தேன். ஒரு உருவம்தான் தெரிந்தது. இரண்டாவது போயே போய்விட்டது. தூரம் காட்டாத தூரங்காட்டி. வெறும் டப்பா.

முதலாளியிடம் சொல்லவில்லை. அவர் அதைக் குழந்தை மாதிரி துணியில் சுற்றி எடுத்து வருகிறவர். சொன்னால் இந்தப் பின் அறை எனக்கு இருக்காது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

உன் எலி

ஜூலை 14

எலிக்குட்டி,

முதலில் சாப்பிடு. பட்டினி கிடந்தால் வெள்ளி திரும்பி வராது.

எங்கள் சிஸ்டர் முதல் நாளே சொன்னது: "தப்புப் பண்ணினா ஒரு மணி நேரத்துக்குள்ள வந்து சொல்லணும். அதுக்கு மேல போனா அது தப்பு இல்ல, பொய்." போன மாதம் நான் ஒரு நோயாளியின் சூட்டைத் தப்பாகக் குறித்துவிட்டேன். போய்ச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் திட்டினார். ஆனால் அன்றைக்குத் தூங்கினேன். நீ உன் முதலாளியிடம் சொல்லிவிடு.

சொல்ல மாட்டாய், தெரியும். அதனால் வேறு வழியும் யோசித்தேன். உனக்கு வேண்டியது மெல்லிய கண்ணாடிதானே? எங்கள் லேபில் மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடி வில்லை இருக்கிறது. காகிதம் போல இருக்கும். லேப்காரரிடம் போய், "என் தங்கச்சிக்கு ஒரு வைத்தியம்" என்றேன். "என்ன வியாதி?" என்றார். "ரெண்டு தெரியணும், ஒண்ணுதான் தெரியுது." ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா தெரியணும். உனக்கு ராத்திரி டியூட்டி அதிகமா?" என்றார். கடைசியில் பத்து வில்லை கொடுத்தார். இந்த உறையில் வைத்திருக்கிறேன்.

பூச்சுக்கு என்ன செய்வாய் என்பது உன் பாடு.

உன் அக்கா

ஜூலை 23

அன்புள்ள அக்கா,

பத்து வில்லையும் வந்து சேர்ந்தன. மாவாக. தபால்காரர் முத்திரை குத்தியது சரியாக நடுவில். உன் கடிதத்தைத் தட்டித் தட்டித்தான் படித்தேன்.

பூச்சுக்கு வழி கிடைத்துவிட்டது. எதிரில் கார் ஸ்டிக்கர் கடை இருக்கிறதல்லவா. கார் கண்ணாடிக்கு ஒட்டும் வெயில் தாள், வெளியே இருந்து பார்த்தால் கண்ணாடி, உள்ளே இருந்து பார்த்தால் ஜன்னல். அதுவும் பாதிக் கண்ணாடிதான். ஒரு துண்டு கேட்கலாம் என்று போனேன். முதல் நாள் வாசலில் நின்றேன். ஸ்டிக்கர்காரர் "என்னம்மா?" என்றார். ஓடி வந்துவிட்டேன். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் அவரே ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை நீட்டி, "சைக்கிள்ல ஒட்டிக்கம்மா, காசு வேணாம்" என்றார். எனக்குச் சைக்கிளே இல்லை. நான்காம் நாள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, குப்பைக் கூடையிலிருந்து ஒரு கை நிறைய வெட்டுத் துண்டுகளை அள்ளித் தந்தார். "இதுக்கா நாலு நாள் நடந்த?" என்றார்.

வில்லை மட்டும் இன்னொரு தடவை. உடையாமல்.

உன் எலி

ஜூலை 27

எலி,

சோப்பு டப்பா. அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் இரண்டு அட்டை. அட்டைக்கு நடுவில் ஆறு வில்லை. மேலே "மருந்து, குத்தாதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். லேப்காரர் உன் கண் எப்படி இருக்கிறது என்று தினமும் விசாரிக்கிறார்.

நேரமில்லை. வார்டுக்கு ஓடுகிறேன்.

உன் அக்கா

ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்கா,

இரண்டு தெரிகிறது.

ஐந்து வில்லையை வெட்டும்போதே உடைத்தேன். ஆறாவது சொன்னபடி கேட்டது. தாளைக் குமிழி இல்லாமல் ஒட்டி, பழைய கண்ணாடி இருந்த இடத்தில் பொருத்தினேன். இரண்டாவது உருவம் லேசான நீலத்தில் வந்து நின்றது. பழையதுபோல மங்கல் இல்லை. ஊசி முனை மாதிரித் தெளிவு.

அதோடு முடியவில்லை. தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பார்த்துத்தான் இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கிப் பூட்ட வேண்டும். பின் அறையில் ஏது தூரம்? காலையில் எங்கள் மாடிக்குப் போய், கடைசியில் தெரியும் செல்போன் டவரைப் பார்த்துத் திருகாணியைத் திருப்பினேன். மயிரிழை திருப்பினால் டவர் ஒரு அடி நகர்கிறது. நான்கு நாள் மாடியில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மாவிடம், "உன் பொண்ணு தினம் மாடியில நின்னு யாரைப் பாக்குது?" என்று கேட்டிருக்கிறார்கள். "டவரை" என்றாளாம். அவர்கள் நம்பவில்லை. அம்மாவும் மேலே வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

இன்று இரண்டு டவரும் ஒன்றாயின. ஒரு மீட்டரிலும் சரி, ஐந்திலும் சரி. இந்தக் காமிரா தோற்காது, அக்கா. எனக்குத் தெரியும்.

முதலாளியிடம் சொல்லவில்லை. இரண்டையும்தான். அழித்ததையும், பெயரையும். கண்காட்சிக்குப் பையைத் தூக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

உன் எலி

ஆகஸ்ட் 17

எலி,

பை தூக்கவா? சரி. தூக்கு.

வார்டு வேலைக்கான படிவம் இத்துடன் இருக்கிறது. எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் நீ.

உன் அக்கா

ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்கா,

கண்காட்சி முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் நிறுத்திவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே. நீ பார்ப்பாய்.

பெரிய கூடம். நீள மேசைகள், அதன் மேல் காமிராக்கள், அதற்குப் பின்னால் ஆட்கள். எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு முதலாளிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்தேன். நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர். ஒருவர் கணக்கு வாத்தியார். மூன்றாவது ஒரு அம்மா, விமானம் பழுதுபார்க்கும் வேலையாம். முடியைக் குட்டையாக வெட்டி, கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருந்தார்.

சாம்பல் காமிராவை எடுத்து வைத்ததும் மூவரும் மேசைமேல் குனிந்தார்கள். வாத்தியார் பொத்தானை அழுத்திக் காதருகே வைத்துக் கேட்டார். பல் டாக்டர் திரையை வெளிச்சத்தில் பிடித்தார். "ஒரு பொட்டு ஓட்டை இல்ல" என்றார். முதலாளி, "ஒன்பது நாள் உக்காந்தேன்" என்றார்.

விமானத்தம்மா சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"சார், ரெண்டாவது உருவம் நீலமா தெரியுதே. பழைய கண்ணாடின்னா மஞ்சள் அடிக்கணும். மாத்தியிருக்கீங்களா?"

"இல்லைங்களே. எல்லாம் அப்படியே இருக்கறதுதான்."

"நீங்கதானே திறந்தீங்க?"

"நான்தான். அதைத் தொடவே இல்லை. வாங்கினப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

பல் டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வாங்கினப்பவேயா? யுத்தத்துல கார் கண்ணாடித் தாள் ஒட்டினாங்களா சார்?"

முதலாளியின் கழுத்து வியர்த்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன். பாவம், அவருக்கு உண்மையிலேயே தெரியாது. "எனக்கு முன்னாடி வச்சிருந்த ஆள் ஏதாவது பண்ணியிருப்பான்" என்றார். விமானத்தம்மா பேனா மூடியைக் கழற்றினார். மறைத்த பாகம். காமிராவையே விலக்கிவிடுவார்கள்.

என் வேலைக்கு வேறு பெயர் போட்டபோது சும்மா இருந்தேன், அக்கா. என் தப்பு வேறு யார் தலையிலோ போய் உட்கார்ந்தபோது சும்மா இருக்க முடியவில்லை. ஏன் என்று கேட்காதே. எழுந்து நின்றேன். முதலில் குரல் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது.

"நான்தான் அழிச்சேன்."

"என்னம்மா?"

"அந்தப் பூச்சை. நான்தான் துடைச்சு அழிச்சேன். ஜூலை ஆறாம் தேதி. பஞ்சால."

முதலாளி திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எழுதத் தெரியவில்லை.

"பஞ்சை எதுல நனைச்ச?" என்றார் விமானத்தம்மா. சொன்னேன். "எத்தனை தடவை துடைச்ச?" "ஒரு தடவை." "ஒண்ணே போதும்" என்றார். பிறகு மற்ற இருவரையும் பார்த்தார். கணக்கு வாத்தியார் மெதுவாகக் கையைத் தூக்கினார். "நான் மூணு அழிச்சிருக்கேன்." பல் டாக்டர், "நான் ஒண்ணு. வீட்ல ஒண்ணுன்னுதான் சொல்லியிருக்கேன்" என்றார். விமானத்தம்மா, "நான் அழிச்சது என்னோடது கூட இல்ல. அடுத்தவங்க காமிரா" என்றார். பக்கத்து மேசைகளிலிருந்து கூட இரண்டு மூன்று கைகள் உயர்ந்தன. அந்தக் கூடத்தில் பாதிப் பேர் அதைத் துடைத்தவர்கள்.

அதற்குப் பிறகு கேள்வி நிற்கவில்லை. எதை வைத்து மாற்றினாய், எப்படி வெட்டினாய், திரைத் துணி எங்கே கிடைத்தது, ஸ்பிரிங்கை எத்தனை சுற்று முறுக்கினாய், எதைப் பார்த்துத் தூரம் பூட்டினாய். எல்லாவற்றுக்கும் பதில் என் கையில் இருந்தது. கை சொன்னதை வாய் சொன்னது. "டவரைப் பாத்து" என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விமானத்தம்மா விண்ணப்பத்தை முதலாளி பக்கம் நகர்த்தினார். "துடைச்சது இந்தப் பொண்ணுன்னா, செஞ்சதும் இந்தப் பொண்ணுதானே சார்?"

முதலாளி விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆமாங்க. அவதான்" என்றார்.

"அப்ப அந்த இடத்தை நீங்களே திருத்திக் கொடுங்க. மாத்தின பாகத்தையும் எழுதிடுங்க. எழுதினா மறைச்சதாகாது."

தன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். பேனா அப்படியே நின்றது. மூன்று வருஷமாக என்னைப் "பொண்ணு" என்றே கூப்பிட்டிருக்கிறார். என் முழுப்பெயர் அவருக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினார்.

சீர்செய்தவர்தான் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு மீட்டருக்கு ஆள் நிற்க வேண்டும். முதலாளியைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலில் இரண்டு முதலாளிகள் கோபமாக நின்றார்கள். திருப்பினேன், ஒருவரானார். அழுத்தினேன். ஐந்து மீட்டருக்கு வாசலில் ஏணி மேல் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தவர். தூரத்துக்கு, வெளியே போய், சாலைக் கடைசியில் தெரிந்த தண்ணீர்த் தொட்டி.

கழுவிக் காயும்வரை வாசலிலேயே நின்றேன். பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வாத்தியார் என்னையும் பார்க்கச் சொன்னார். முதலாளியின் கண்ணிமை மயிரை எண்ணலாம். ஏணிக்காரரின் சட்டைப் பொத்தானில் நான்கு ஓட்டை. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காக்கை இருந்தது, எடுக்கும்போது எனக்கே தெரியாது.

முதல் இடம் எங்களுக்கு. என் பெயரை மைக்கில் சொன்னார்கள். கைதட்டினார்கள். ஒரு காலத்தில் சிரித்தவர்கள் நாற்பது பேர் என்று கணக்கு வைத்திருந்தேன். தட்டியவர்களை எண்ணவில்லை.

ஆக, பந்தயத்தில் ஜெயித்தது நான். ஆனால் இதையும் கேள். திரும்பும்போது பஸ்ஸில் பையை முதலாளியே மடியில் வைத்துக்கொண்டார். இறங்குவதற்கு முன்னால்தான் கேட்டார். "அழிச்சதை என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"பயமா இருந்துச்சு."

"என்கிட்ட பயம். அத்தனை பேர் முன்னாடி பயமில்லை."

பஸ் நின்றது. இறங்கிப் போய்விட்டார். இன்று கடைக்கு விடுமுறை. நாளைக்கு வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

உன் எலி

ஆகஸ்ட் 28

என் தங்கமே,

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு முதலிலிருந்து படித்தேன். பிறகு சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் வாசித்தேன். "நான்தான் அழிச்சேன்" வந்ததும் வார்டன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். லேப்காரர் "அப்ப கண்ணு சரியாயிடுச்சா?" என்கிறார். ஆயிற்று என்று சொல்லிவிட்டேன்.

தோற்றுவிட்டேன். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று தெரியாது. என்னால் தூணிலிருந்து பிரிக்க முடியாத கையை யார் பிரித்தது? நீயே பிரித்துக்கொண்டாய்.

ஒன்றை மறைத்தேன். நீயே ஒப்புக்கொண்ட பிறகு நானும் சொல்லிவிடுகிறேன். உன்னை இங்கே வரச் சொன்னது உன் நல்லதுக்கு மட்டும் இல்லை. இந்த விடுதியில் எட்டுக் கட்டில். ஏழு பேர் தூங்கிய பிறகு பேச எனக்கு யாரும் இல்லை. நீ வந்து ஒன்பதாவது கட்டிலில் படுத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் கூடப் போதும் என்று இருந்தது. படிவத்தை அவ்வளவு வேகமாக நிரப்பியது அதனால்தான்.

உன் முதலாளி கோபத்தில் கடைசித் தேதிவரை கதவைத் திறக்காவிட்டால் படிவம் உன்னிடம் இருக்கிறது. திறந்தால் போய் உட்கார். எதுவானாலும் எழுது.

உன் அக்கா

ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்கா,

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். என் மேசையில் நான்கு காமிராக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஒன்றில் விமானத்தம்மாவின் பெயர், இன்னொன்றில் கணக்கு வாத்தியாரின் பெயர்.

"ஞாயித்துக்கிழமையே குடுத்து விட்டாங்க, உன்கிட்டதான் தரணும்னு" என்றார் முதலாளி, என்னைப் பார்க்காமல். "கோவத்துல சொல்லல."

நான் முதல் காமிராவைக் கையில் எடுத்தேன்.

"இனிமே எதை அழிச்சாலும் அன்னைக்கே சொல்லு."

"சரிங்க."

"நானும் ஏதாவது அழிச்சா சொல்றேன்."

"நீங்க எதைத் தொடுறீங்க, அழிக்கறதுக்கு?"

வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது, அக்கா. மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் ஒருவர் வந்து சாம்பல் காமிராவைக் காட்டி யார் செய்தது என்று கேட்டார். முதலாளி பின் அறைப் பக்கம் கையைக் காட்டி என் பெயரைச் சொன்னார். முழுப்பெயர்.

நீ இவ்வளவு நாள் மறைத்ததை அம்மாவிடம் காட்டவில்லை, எனக்கென்று வைத்துக்கொண்டேன். வேலைக்கு வரமாட்டேன். ஆனால் உன்னைப் பார்க்க வருகிறேன். அடுத்த மாதம் உனக்கு எந்த இரண்டு நாள் விடுமுறை என்று எழுது. தனியாகப் பஸ் ஏறி வருவேன். கண்டக்டரிடம் நானே டிக்கெட் கேட்பேன். இரண்டு நாளும் நானே பேசுவேன், நீ போதும் என்கிறவரை.

உன் படிவத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது. வாத்தியாருடைய காமிராவின் திரை அளவை அதில்தான் குறித்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. கடைசித் தேதி நேற்றோடு முடிந்துவிட்டது என்பதே, இந்தக் கடிதத்தின் தலையில் தேதி எழுதும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. முன்னால் ஒருவர் வந்து நிற்கிறார், முதலாளி கூப்பிடுகிறார். போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.

உன் எலி